தட்டில் இருந்த பஞ்சு

அவன் கையுறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தான்.

அவளுக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

கட்டிலில் உட்கார்ந்து இடது கையை நீட்டி வைத்திருந்தாள். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. மெழுகு பூசியதுபோல வெளுத்து மினுங்கும். கிள்ளினால் விரலுக்குச் சிக்காது. அவ்வளவு இறுக்கம்.

மூன்று வருடமாக இந்த மருத்துவக் கல்லூரித் தேர்வுக்கு அவள் நோயாளியாக வருகிறாள். கடைசி வருட மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பார்ப்பார்கள். என்ன நோய் என்று அவர்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். பிறகு தேர்வாளர் வந்து கேள்வி கேட்பார்.

அவளுக்கு ஒரே ஒரு கட்டளை. நோயின் பெயரைச் சொல்லக் கூடாது.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மார்ஃபியா. உடம்பு எதையோ தப்பாக எண்ணிக்கொண்டு தன் தோலைத் தானே இறுக்கிவிடும். யாருக்கும் ஒட்டாது.

யாருக்கும் ஒட்டாது. இந்த இரண்டு வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்!

அவன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சட்டைப் பையில் நான்கு என்ற எண் குத்தியிருந்தது. எத்தனை நாளாக இருக்கிறது, வலிக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா. கேட்டான், எழுதினான். கேட்டான், எழுதினான்.

பக்கத்துத் தட்டில் ஒரு பஞ்சு உருண்டை இருந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஊரில் ஒரு டாக்டரும் இப்படித்தான். மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்தார். தொழுநோய் என்று எழுதினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பதினோரு மாதம் மாத்திரை. தட்டு தனி, டம்ளர் தனி, படுக்கை தனி. மகள் பவதாரிணிக்கு அப்போது இரண்டு வயது. கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த நோயே வந்திருந்தாலும் அப்படி ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் பரவாது. அதைச் சொல்லக்கூட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

பிறகு இதே கட்டடத்தில் ஒரு டாக்டரம்மா வெறுங்கையால் அவள் கையைப் பிடித்தார். கண்ணை மூடச் சொன்னார். திட்டின் மேல் பஞ்சால் லேசாகத் தடவினார். தெரியுதாம்மா என்றார்.

தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் தெரிந்தது.

தொழுநோய்த் திட்டு என்றால் அந்த இடம் மரத்துப் போயிருக்கும். ஒரு பஞ்சு உருண்டை. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அதற்குள் பிள்ளைக்கு அவள் முகம் மறந்துவிட்டது. தூக்கப் போனால் மாமியாரின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. இப்போது ஒன்பது வயது. காய்ச்சல் வந்தால் இன்றைக்கும் பாட்டியைத்தான் கேட்பாள்.

ஒருத்தனாவது ஒழுங்காகக் கற்றுக்கொண்டு போகட்டும், அவன் போய் உட்காரும் ஊரில் எவளோ ஒருத்தி தப்பிப்பாள். அதற்காகத்தான் இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

அவன் வாசலைப் பார்த்தான். நர்ஸ் இல்லை. குனிந்தான்.

"அக்கா, தொழுநோய்தானே? தலையை மட்டும் ஆட்டுங்கக்கா. ப்ளீஸ்."

தாளில் இரண்டு இடத்தில் எழுதி அடித்திருந்தான். கண் சிவந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. இல்லை என்று ஆட்டினால் யோசிப்பான். ஒருவேளை தேறிவிடுவான். தேறி, எந்த ஊரிலோ ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான்.

அவள் தலையை ஆட்டினாள்.

ஆமாம் என்று.

அவன் முகத்தில் உயிர் வந்தது. அவளுக்குத் துளி வருத்தமும் இல்லை.

தேர்வாளர் வந்தார். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத கோட்டு. தொழுநோய் என்று அவன் கணீரென்று சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உணர்ச்சி இருக்கான்னு பார்த்தியா?"

"பார்த்தேன் சார். மரத்துப் போயிருக்கு சார்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொய் வேறா?

தேர்வாளர் அவள் பக்கம் திரும்பினார். "பஞ்சு வச்சுப் பார்த்தாராம்மா?"

"என்னைத் தொடவே இல்லைங்க."

அவன் அவளைப் பார்த்தான். அவள்தான் அவனுக்குத் துரோகம் செய்துவிட்டாள் என்பதுபோல. பார்க்கட்டும்.

தேர்வாளர் அவனைப் பிடிபிடியென்று பிடித்தார். ஆங்கிலத்தில் கத்தினார். தொட்டுப் பார்க்கக் கூசுகிறவன் எதற்கடா டாக்டருக்குப் படிக்கிறாய் என்று நடுவில் தமிழிலும் கேட்டார். பேனாவை நீட்டி நீட்டித் திட்டைக் காட்டினார். நிறத்தைக் காட்டினார். ஊதா படிந்த ஓரத்தைக் காட்டினார்.

பேனாவின் முனை ஒவ்வொரு தடவையும் தோலுக்கு ஒரு விரல் மேலேயே நின்றது.

அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தி முடித்ததும் அடுத்த கட்டிலுக்கு நடந்தார். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் போனான். போகிற வழியில் சுவரில் மாட்டியிருந்த சானிடைசரை அவர் இரண்டு தடவை அழுத்தினார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று ஒன்று விடாமல் தேய்த்துக்கொண்டார்.

எதைத் தொட்டாராம், கழுவுவதற்கு?

தட்டில் பஞ்சு அப்படியே இருந்தது. வெள்ளை கலையவில்லை.

அவள் அதை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். திட்டின் மேல் மெல்லத் தடவினாள்.

தெரிந்தது.