பால் பொங்கிய வண்டி

கடல் ஊருக்குள் வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு, இன்பராஜ் வேன் வாங்கலாம் என்றான். மேகலாதான் பிடிவாதமாக இந்தச் சின்ன வீட்டுவண்டியை வாங்க வைத்தாள். வேனுக்குள் குனிந்தே கிடக்க வேண்டும். இதில் நிமிர்ந்து நின்று சமைக்கலாம். வாங்கிய அன்றே கிழக்கு பார்த்து நிறுத்திப் பால் காய்ச்சினாள். பொங்கி வழிந்ததைப் பார்த்து அழுதுவிட்டாள்.

இன்று மலை முகாமின் வாசலில் அந்த வண்டியைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள். பின்சக்கரத்தை ஏறிவரும் கடல்தண்ணீர் தொட்டிருந்தது.

"வேன்ல வந்தவங்கள எல்லாம் விட்டீங்களே. எங்கள மட்டும் ஏங்க?" என்றாள் மேகலா.

காவலாளி கையிலிருந்த திரையைப் பார்த்தார். "வேன் வெறும் வண்டிம்மா. இதுல நீங்க பால் காய்ச்சுனது பதிவாயிருக்கு. பால் காய்ச்சிட்டா அது வீடு. முகாம் வீடில்லாதவங்களுக்குத்தான்."

மேகலா இடுப்பிலிருந்த குழந்தையை இன்பராஜிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். கை கிழியக் கிழிய அடுப்பைப் பெயர்த்தெடுத்து வந்து அவர் காலடியில் போட்டாள்.

"இப்பப் பாருங்க. இப்ப வீடு இல்லல்ல?"

அவர் மறுபடி திரையைப் பார்த்தார்.

"வீட்ட இடிச்சுக் கட்டுறீங்கன்னு காட்டுதும்மா."