அந்த ஒரு திக்

காகிதப் பையை நன்றாக ஊதி, கணவரின் காதருகே படாரென்று உடைத்தார் அந்த அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எக்கோ கருவி கையிலிருந்து நழுவப் பார்த்தது. கட்டிலில் படுத்திருந்தவரும் துள்ளினார்.

திரையில் தெரிந்த அவருடைய இதயம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அதே வேகம், அதே நிதானம்.

அது வேறொருவர் தந்த இதயம். பொருத்தும்போது ரத்தக் குழாய்களைத் தைத்துவிட்டார்கள். நரம்புகளைத் தைக்க முடியாது. மூளை எவ்வளவு பதறினாலும் அந்தச் சேதி ரத்தத்தில் கலந்து, ஆடி அசைந்துதான் இதயத்துக்குப் போய்ச் சேரும்.

அறுந்த நரம்பு தானாகவே வளரலாம் என்று டாக்டர் ஒருநாள் சொல்லிவைத்தார். போதாதா? பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் இந்தக் குடும்பம் புதிதாக ஒரு பயமுறுத்தலோடு வந்து நிற்கும். ரப்பர் பாம்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

"சந்தோஷம்னாலும் நெஞ்சு பேசாம கிடக்குது தம்பி. யாரோ வீட்ல குடியிருக்கிற மாதிரி இருக்கு" என்பார் அவர்.

அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு 'திக்'. அவர்களைவிட நான்தான் அதற்காகத் தவம் கிடந்தேன்.

இன்று மகள் தன் பங்குக்குக் குனிந்தாள்.

"அப்பா, நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். போன மாசமே ரிஜிஸ்டர் பண்ணியாச்சு."

இதயத்தின் சுவர் வெடுக்கென்று இறுகியது. அடுத்த துடிப்பு அதைவிட வேகமாக, அதைவிட அழுத்தமாக. ஒரு நொடிகூடத் தாமதமில்லை.

"சார்! வந்துடுச்சு சார், நரம்பு வந்துடுச்சு!"

ஆஸ்பத்திரி என்பதையே மறந்து கத்திவிட்டேன். அந்த அம்மா அழுதார், சிரித்தார், மகளைக் கட்டிக்கொண்டு "என்னமா புளுகுறடி!" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

படுத்திருந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அடிக்குது, தானா அடிக்குது! அப்படியே மாப்பிள்ளை யாருன்னும் சொல்லிடும்மா, இன்னொரு தடவை அடிக்கட்டும்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

கருவியை மறுபடி அவர் மார்பில் வைத்தேன்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்குங்க, மாமா" என்றேன்.