வாயில் வைக்க முடியாத பாயசம்

“தப்பா நெனைக்காதீங்கக்கா. போன தடவை உங்க பாயசத்த வாயில வைக்க முடியல. மெர்டேக்கா விருந்துக்கு நீங்களும் வேணாம், சாரதாம்பாளும் வேணாம். கய்யூம் பாய் நெய்ச்சோறு ஆக்கட்டும்.”

விருந்துக்குழுத் தலைவர் கருணாகரன் வாசலில் நின்று இப்படிச் சொன்னதும் ஜெயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காஜா பேராங் வட்டாரத்தில் அவள் அம்மா பூங்காவனத்தின் பாயசம் இல்லாமல் எந்தக் கல்யாணம் நடந்தது? அண்டாவை வழித்து நக்கிய கூட்டம்தானே இது!

அம்மாவோ, “சரி தம்பி” என்று கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

இருபது வருஷம் அம்மாவோடு கரண்டி பிடித்த சாரதாம்பாள் பக்கத்திலேயே இருந்தாள். அம்மாவுக்காக ஒரு வார்த்தை? மூச்! நன்றிகெட்ட ஜென்மம்.

மலேசியாவின் சுதந்திர தினமான மெர்டேக்கா அன்று தெருவே கொடியும் கும்மாளமுமாக இருந்தது. ஜூன் மாதம் டைபாய்டில் கிடந்த மூன்று பிள்ளைகளும் தேறி, பந்திக்குள் ஓடி விளையாடினார்கள்.

“என்ன பூங்காவனம், பாயசத்துல சர்க்கரைன்னு உப்ப போட்டுட்டியாமே?” என்றார் பக்கத்து வீட்டு நல்லையா. பந்தியே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

ஜெயாவுக்குத் தாங்கவில்லை. சாரதாம்பாளைக் கிணற்றடிக்கு இழுத்துப்போனாள்.

“இத்தன வருஷப் பழக்கத்துக்கு ஒரு வார்த்த பேசினீங்களா அத்தை?”

சாரதாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“சுகாதார இன்ஸ்பெக்டர் பொன்னுதுரை வீட்டுக்கு வீடு சிகரெட் டின் குடுத்து, வெளிக்குப் போனத வாங்கிட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கா?”

மறக்குமா? ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த கூத்து அது.

“டைபாய்டு கிருமியிலயே பல வகை இருக்காம். அந்தப் பிள்ளைங்க வயித்துல இருந்த அதே வகை, ஒரு டின்னுலயும் இருந்துச்சாம். அந்த டின்னுக்காரங்களுக்கு நோவே தெரியாதாம். ஆனா சமைச்சா மத்தவங்களுக்கு ஒட்டிக்குமாம்.”

ஜெயா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

“ஐயோ... அம்மாவா?”

“இல்லடி, நான்! என்னைய மட்டும் நிறுத்தினா, பிள்ளைங்களப் படுக்கவெச்சவன்னு ஊரு ஏசுமேன்னு அழுதேன். ‘எம் பாயசம் நல்லால்லன்னு சொல்லி ரெண்டு பேரையும் நிறுத்துங்க தம்பி’ன்னு கருணாகரனுக்குச் சொல்லிக்குடுத்ததே உங்கம்மாதான்!”

ஜெயா முகத்தைக் கழுவிக்கொண்டு பந்திக்கு வந்தாள். நல்லையா விடவில்லை.

“நீயே சொல்லு ஜெயா, சர்க்கரையா, உப்பா?”

ஜெயா அம்மாவைப் பார்த்தாள்.

“உப்புதான் மாமா. அள்ளி அள்ளிப் போட்டாங்க!”