வாசலில் நின்ற பந்து

“சைக்கிள் மிதிச்சு நாரி முதுகெல்லாம் கழண்டு போச்சு அக்கா. முதல்லை ஒரு செம்பு தண்ணி தாங்கோ.”

படலையைத் திறந்துகொண்டு கனிசியஸ் வந்தான். தோளில் ஸ்னூக்கர் கோல் வைத்த நீளப்பை. கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, மிச்சத்தைச் சைக்கிளில் மிதித்திருந்தான்.

குணலட்சுமி செம்பு நிரம்ப மொண்டு நீட்டினாள். இயக்கம் அவனுக்குக் கொடுத்த பயணப் பாஸ் இன்றோடு முடிகிறது. அவன் கொழும்புக்குப் போகப் பிணை நின்றவர் அவளுடைய புருசன் ஆழ்வாப்பிள்ளை. இவன் திரும்பாமல் விட்டிருந்தால் அவரைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

“வந்திட்டியடா!” ஆழ்வாப்பிள்ளை மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “கப் எங்கை?”

“பைனல்லை தோத்திட்டன் அண்ணை.”

யாழ்ப்பாணத்தில் ஸ்னூக்கர் விளையாடியே சோறு தின்ற ஒரே ஆள் அவன். கிளப்பில் சம்பளம், சனத்திடம் மரியாதை. தொண்ணூறில் சண்டை தொடங்கிக் கறன்ட் போனது, கிளப்பைப் பூட்டினார்கள். அதன்பிறகு சந்தையில் வெங்காய மூட்டை சுமந்தான். அந்தத் தோளோடு போய்த்தான் கொழும்பில் பைனல்வரை வந்திருந்தான்.

“கடைசிக் கறுப்புப் பந்து அண்ணை. குழந்தைப்பிள்ளையும் விழுத்தும். உருண்டு போய்ப் பொக்கற் வாசலிலை நிண்டிட்டுது.”

“தானா நிண்டதோ?” குணலட்சுமி கேட்டாள்.

“தானா.”

“ஒருத்தரும் மேசையைத் தட்டேல்லையோ?”

“ஐயோ அக்கா, அதென்ன கரம்போர்டே, தட்டி விழுத்த?”

“வெண்டிருந்தால்?” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

“அடுத்த கிழமை பாங்கொக்கிலை ஆட்டம்.” கனிசியஸ் செம்புக்குள் பார்த்தான். “உண்மையைச் சொல்லுறன் அண்ணை. திரும்பி வந்திருக்க மாட்டன்.”

ஆழ்வாப்பிள்ளை அவன் கையிலிருந்த செம்பை வாங்கி வைத்தார். பிறகு அவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார்.

“போடா, விசரா. போய்ப் பாஸைக் குடுத்திட்டு வந்து படு.”

சைக்கிள் ஒழுங்கையில் திரும்பி மறைந்தது. குணலட்சுமி திண்ணைத் தூணில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டாள். அவர் இன்னும் படலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாவமப்பா. எவ்வளவு பாடுபட்டவன். அந்த ஒரு பந்து விழுந்திருக்கலாம். என்னைக் கொஞ்ச நாள் வைச்சிருந்திட்டு விட்டிருப்பாங்கள்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ!” குணலட்சுமி சீறினாள். “அவன் தோத்து வரவேணுமெண்டு பிள்ளையாருக்கு நேர்ந்தது நான். நூற்றெட்டுத் தேங்காய் கடன் கிடக்கு.”