ஐந்து நொடிக்குள் ஒரு முகம்

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எவ்வளவு வேலையா இருந்தாலும் திரும்பிடுவாங்க, கிறிஸ்டி. அந்தத் திரும்புறதுதான் நம்ம ஃபர்ஸ்ட் ஷாட்,” என்றான் கார்த்திகேசன்.

கிறிஸ்டி கேமரா நிற்கும் முக்காலியின் கால் வரப்புச் சேற்றில் புதையாதிருக்க, அதன் அடியில் ஓட்டுச்சில் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தாள்.

வரப்பிலிருந்து நாலைந்து எட்டு தள்ளி, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, அவளுடைய அம்மா சூசைமேரி உப்பளப் பாத்தியில் நீண்ட பிடி போட்ட பலகையால் உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தாள். பாத்தியில் விரற்கடை அளவே நீர். அதற்குள் வானம் முழுவதும் கிடந்தது.

இணையத்தில் ஓடும் விளம்பரத்துக்கு ஐந்தாவது நொடியில் ‘தவிர்’ என்ற பொத்தான் வந்துவிடும். அதற்குள் பார்ப்பவரின் கட்டைவிரலை நிறுத்திவைக்க வேண்டும். மரக்காணம் உப்புக்காகக் கிறிஸ்டி எடுத்த முதல் இரண்டு விளம்பரங்களிலும் அந்த விரல் நிற்கவில்லை. மூன்றாவதும் அப்படியே போனால் வேறொருவர் சென்னையிலிருந்து மாடலோடு வந்து எடுப்பார் என்று விளம்பர நிறுவனம் சொல்லிவிட்டது. அதைச் சொல்லவும் படப்பிடிப்பைப் பார்த்துக்கொள்ளவும் வந்தவன்தான் கார்த்திகேசன்.

அந்த இரண்டு விளம்பரங்களையும் அம்மாகூட முழுதாகப் பார்த்ததில்லை. மூன்றாவது நொடியிலேயே சிரித்துக்கொண்டு கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இம்முறை அம்மாவின் முகத்தையே வைக்கலாம் என்று யோசனை சொன்னவள் கிறிஸ்டி. ஆனால் அம்மாவைப் பற்றிய ஒன்றை மட்டும் கார்த்திகேசனிடம் மறைத்துவிட்டாள்.

சொல்லியிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். அந்த ஒரு வரியை அம்மாவின் முகத்துக்குக் கீழே ஓடவிட்டால் போதும். நாடே கடைசி நொடிவரை உட்கார்ந்து பார்க்கும், உச்சுக்கொட்டும், அழுகிற பொம்மையைப் போட்டு நாலு பேருக்கு அனுப்பும். இந்தத் தொழிலில் அதைவிடப் பலமான தூண்டில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

“ரோலிங்,” என்ற கார்த்திகேசன், அவளுக்காகக் காத்திராமல் தானே குரல் கொடுத்தான்.

“சூசைம்மா!”

அடுத்த பாத்தியிலிருந்து இரண்டு கொக்குகள் எழுந்து பறந்தன. அம்மாவின் பலகை நிற்கவில்லை.

காற்று எதிராக அடிக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, கையைக் குவித்து இன்னும் உரக்கக் கூப்பிட்டான். பலகை தன்பாட்டுக்கு உப்பை இழுத்தது.

கூடையோடு வரப்பில் போய்க்கொண்டிருந்த மேரிசெல்வி நின்றாள். “இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்க சார். பக்கத்து ஊரு அனுமந்தை வரைக்கும் கேக்கட்டும்.”

பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். கிறிஸ்டியின் முகத்தைப் பார்த்ததும் மேரிசெல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தாள்.

கார்த்திகேசன் மெல்லத் திரும்பிக் கிறிஸ்டியைப் பார்த்தான். கோபமில்லை. புருவங்களுக்கு நடுவே ஒரு சந்தேகம் கூடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் அது வாக்கியமாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியின் ஓரத்தில் இறங்கினாள். இறங்கிச் சற்று நின்றாள். பலகை ஓடும்போது மிதித்தால் அலை கலைந்துவிடும். அம்மா குவியலைத் தட்டிச் சரிசெய்ய நிமிரும்வரை பொறுத்திருந்து, குதிகாலால் நீரை இரண்டு முறை மிதித்தாள்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வளையங்கள் புறப்பட்டன. வானத்தை மடித்துக்கொண்டு போயின. உப்புக் குவியலில் மோதிப் பிளந்து, அதைச் சுற்றி வந்து மறுபடி சேர்ந்து, அம்மாவின் பாதங்களைத் தொட்டன.

ஒரு அலை என்றால் மேஸ்திரி. மூன்று என்றால், தண்ணீர் குடிக்கக் கூப்பிடும் மேரிசெல்வி. இரண்டு என்றால் மகள்.

அதனால் அம்மாவின் முகம் திரும்பும்போதே சிரிப்போடு திரும்பியது.

எல்லாம் சேர்ந்து ஐந்து நொடி ஆகியிருக்காது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா பலகையை அக்குளில் இடுக்கினாள். உப்புப் பூத்த ஐந்து விரல்களையும் குவித்து வாயருகே கொண்டுபோனாள். பிறகு உள்ளங்கையை விரித்துப் புருவத்தை உயர்த்தினாள். சாப்பிட்டாச்சா என்று கேட்க எந்த ஊரிலும் கை அப்படித்தான் போகும்.

கிறிஸ்டிக்குக் கார்த்திகேசன் பக்கம் திரும்பத் துணிவு வரவில்லை. பிறவியிலேயே காது கேட்காதா என்று இப்போது கேட்பான். பேச்சும் வராதா என்பான். ஏன் முன்னாடியே சொல்லவில்லை, இதைவிட என்ன வேண்டும் என்பான். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் மனத்துக்குள் ஒரு மறுப்பைத் தயார் செய்துகொண்டிருந்தாள். கடைசி மறுப்பு, இந்த வேலையே வேண்டாம் என்பது.

கேள்வி எதுவும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள்.

அவன் கேமராவின் திரையைப் பார்க்கவில்லை. அதற்கு மேலாகத் தலையை நீட்டி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘கட்’ சொல்ல மறந்திருந்தான். விரிந்த உள்ளங்கையை இறக்காமலே அம்மா அதை மகளிடமிருந்து அவன் பக்கம் நகர்த்தியிருந்தாள். அவனும் பதில் சொல்லவேண்டும் என்று காத்திருந்தாள்.

விடியுமுன் சென்னையில் பேருந்து ஏறி வந்தவன், வயிற்றின் மேல் கையை வைத்து, சின்னப் பிள்ளை அம்மாவிடம் சொல்வதுபோல, இல்லை என்று தலையசைத்தான்.