ஜோடிக் காளைக்கு ஓர் ஆண் வாரிசு

மார்க்கையன்கோட்டை முத்துக்கருப்பனுக்கு மூன்று பெண்கள். இனிமேலாவது ஆண் பிறக்கட்டும் என்று, ஊர் வழக்கப்படி மூன்றாவதற்குப் ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்துப் பார்த்தார். மனைவி மூக்கம்மாள் நான்காவது முறை மசக்கையில் படுத்தபோது, பெயரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க அவருக்குப் பொறுமையில்லை.

“இதுவும் பொட்டப் பிள்ளையா இருந்தா நான் வேற பொண்ணு கட்டிக்கிருவேன். பெறகு என்னையக் குத்தம் சொல்லாத” என்று அவளிடமே சொல்லிவிட்டார்.

வெறும் மிரட்டல் இல்லை. மயிலாடும்பாறை ராக்கையாவின் மகள் முத்துப்பேச்சியைப் பேசியே வைத்திருந்தார். ராக்கையா ஒரு காளைப் பைத்தியம். நகை வேண்டாம், நிலம் வேண்டாம், முத்துக்கருப்பனின் ஜோடி மலைமாட்டுக் காளைகளைப் பரிசமாகத் தந்தால் போதும் என்றார். முத்துப்பேச்சியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. காளைகளிடமும்தான்.

இளையவள் ஒருத்தி வந்துவிட்டால், மூன்று பெண்களோடு தன் இடம் மாட்டுக் கொட்டகைதான் என்று மூக்கம்மாளுக்குத் தெரியும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

உத்தமபாளையத்தில் ஜெபமணி என்ற டாக்டரம்மாவிடம் மனைவியைக் கூட்டிப்போனார் முத்துக்கருப்பன்.

“வயித்துல இருக்கிறத ஆம்பளையா மாத்த ஊசி கீசி இருக்காம்மா?”

டாக்டரம்மா சிரித்தார். “கரு தங்குன அன்னைக்கே அது முடிவாயிரும். அதுவும் உங்க சம்சாரத்தால இல்ல, உங்களாலதான். ஆணும் பொண்ணும் அப்பா கொடுக்கிறதுலதான் இருக்கு.”

“வெள்ளக்காரன் போடிக்கு ரயிலே விட்டுட்டான். இதுக்கு ஒரு ஊசி கண்டுபிடிக்கலையாக்கும்!” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வெளியே வந்தார். மூக்கம்மாள் மட்டும் டாக்டரம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள்.

சின்னமனூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய் வந்த மருத்துவச்சி சுப்புத்தாய்தான் குமுளிப் பக்கத்து வைத்தியர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். சொன்ன கையோடு அவரே வந்து நின்றார். மார்பு வரை தாடி, நெற்றி நிறையத் திருநீறு, வாயில் பாதி மலையாளம்.

“ஏழாம் மாசம் வரை பிள்ளையை மாத்தாம். வலது மூக்கில் ஆலந்துளிர்ச் சாறு விடணும். மனசிலாயோ? பெண் பிறந்தால் எனக்கு ஒண்ணும் வேண்டா. ஆண் பிறந்தால், குலவை கேட்டதும் கொட்டகையில் நிற்கும் அந்த ஜோடிக் காளையை அவிழ்த்துத் தரணும்.”

முத்துக்கருப்பன் யோசித்தார். ஆண் பிறந்தால் வாரிசு வந்தாயிற்று. முத்துப்பேச்சி தேவையில்லை, காளைகள் போனால் போகட்டும். பெண் பிறந்தால் காளைகள் மிச்சம். அவற்றைக் கொடுத்து முத்துப்பேச்சியைக் கட்டலாம். எப்படிப் பார்த்தாலும் நஷ்டமில்லை. இப்படியும் ஓர் ஏமாளியா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு சம்மதித்தார்.

வைத்தியர் சாற்றோடு நெருங்கியபோது மூக்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கு எதுக்கு? எல்லாம் இவுகளாலதான்னு டாக்டரம்மா சொன்னாக. இவுக மூக்குல ஊத்துங்க.”

வைத்தியர் அதுவும் சரிதான் என்றார். அன்று முதல் முத்துக்கருப்பன் தும்மாத நாளில்லை. வயலில் தும்மினார், சந்தையில் தும்மினார், அடுத்த வீட்டுக் கல்யாணப் பேச்சில் தும்மி அதைக் கலைத்தும் விட்டார்.

பிரசவ நாள் வந்தது. அந்த ஊரில் ஆண் பிறந்தால் குலவை போடுவார்கள். பெண் என்றால் அறைக்குள்ளிருந்து சத்தமே வராது. தீட்டுக் கழியும் வரை பெற்ற தகப்பனும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. ஆகவே முத்துக்கருப்பன் கொட்டகைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் வைத்தியர்.

சுப்புத்தாயின் குலவை தெருவையே தூக்கியது.

முத்துக்கருப்பன் ஆனந்தத்தில் தும்மினார். தம் கையாலேயே காளைகளை அவிழ்த்துக் கொடுத்தார். வைத்தியர் அவற்றை ஓட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

கண்ணு பட்டுவிடும் என்று சுப்புத்தாய் யாரையும் பிள்ளையின் பக்கத்தில் விடவில்லை. தீட்டுக் கழிந்த அன்று, வெள்ளி அரைஞாணோடு முத்துக்கருப்பன் உள்ளே போனார். பிள்ளையின் மேலிருந்த துணியை விலக்கினார். வீலென்று கத்தியது பிள்ளையில்லை.

“ஏ சுப்புத்தாயி! பொட்டப் பிள்ளைக்கு எதுக்குடி குலவை போட்ட?”

“தொப்புள்கொடியப் பாத்து ஏமாந்துட்டேன்யா. கண்ணு முன்ன மாதிரி இல்ல.”

ஏட்டு வேலுச்சாமி வந்து எல்லாவற்றையும் விசாரித்தார். “அந்த வைத்தியன் கிழவிக்கு ஏதாச்சும் கொடுத்துக் கைக்குள்ள போட்டிருப்பான். குமுளி தாண்டிட்டான்னா அது திருவிதாங்கூர் ராஜா சீமை. அங்கன நம்ம அதிகாரம் செல்லாது” என்று கையை விரித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தாம்பாளம் நிறைய மிட்டாயோடு ராக்கையா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஆம்பளப் பிள்ள பிறந்துருச்சாமே, ரொம்பச் சந்தோசம்! இனி உங்களுக்கு என் மக எதுக்கு? அதான் சின்னமனூர்ப் பொன்னுராஜுக்கே கட்டிக் கொடுத்துட்டேன். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உசுரா இருந்துச்சுக. ‘முத்துக்கருப்பன் காளை மாதிரி ஒரு ஜோடி கொண்டாடா, தாரேன்’னு அவனை விரட்டிவிட்டிருந்தேன். பய தாடியும் திருநீறுமா உங்க காளையவே ஓட்டிட்டு வந்து நிக்கிறான்! கேட்டா, நீங்களே உங்க கையால அவுத்துக் கொடுத்தீகன்னு சொல்றான். உங்களுக்குப் பெரிய மனசுய்யா!”

ஏட்டு முத்துக்கருப்பனைப் பார்த்தார். “நீங்களா அவுத்துக் கொடுத்தீக?”

முத்துக்கருப்பனுக்கு வாய் திறந்தது, தும்மல்தான் வந்தது.

பிரசவ அறைக்குள்ளிருந்து மறுபடியும் குலவை எழுந்தது. சுப்புத்தாயின் குரலோடு மூக்கம்மாளின் குரலும் சேர்ந்து கேட்டது.

இந்தத் தடவை அங்கே பிள்ளை எதுவும் பிறக்கவில்லை.