விலிகேசாவின் கை

தீவுக்கரை மணலில் படகின் எஞ்சினைச் சாய்த்துப் போட்டு, ஒரே ஒரு துளையின் முன் குந்தியிருக்கிறான் செரு. நேற்று மீன்பிடிக்கப் போன தெவிதா திரும்பவில்லை. தேடிப் போக இந்த எஞ்சின்தான் உண்டு. அதைப் படகோடு இறுக்கும் போல்ட்டின் துளையில் மரை தேய்ந்துவிட்டது. பெரிய போல்ட்டுக்காகப் புது மரை வெட்டுகிறான். மரை வெட்டும் எஃகுக் குச்சியான டேப் சாயாமலிருக்க, துளையிட்ட இரும்புக்கட்டை வழியாக அதை இறக்கியிருக்கிறான். நான் தேங்காயெண்ணெய் சொட்டவிடுகிறேன். செரு டேப்பின் கைப்பிடியை இரண்டு கையாலும் சமமாகத் திருப்புகிறான், அரைச்சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே. ஒவ்வொரு முறையும் உள்ளே சீவல் அறும் சத்தம் கேட்கிறது. “என்னடா செரு, புள்ளைக்குப் பால் புகட்டுறியா?” என்று சிரிக்கிறார் தெவிதாவின் அப்பா விலிகேசா. கண் மட்டும் கடலில் இருக்கிறது. “அவசரப்பட்டா ஒடஞ்சிரும் மாமா. தீவுல வேற டேப் கெடையாது.” “நீ ஒருத்தனா முக்குறதைப் பாக்கவா நாங்க நிக்கிறோம்?” எங்கள் ஊரில் யாரையும் தனியாகப் பாடுபட விடமாட்டோம், படகு இழுத்தாலும் கூரை போட்டாலும் கை கொடுத்தே ஆகவேண்டும். அவர் குனிந்து, கைப்பிடியின் ஒரு முனையைப் பிடித்துத் தன் பலமெல்லாம் கொடுத்துத் தள்ளுகிறார்.

“மாமா, வேணாம்!”

சுள்ளி ஒடிவது போலச் சின்னச் சத்தம். டேப் துளைக்குள்ளேயே முறிந்து அடைத்துக்கொள்கிறது. எங்களிடம் உள்ள எதுவும் அந்த எஃகைத் துளைக்காது. விலிகேசா கைப்பிடியை விடவில்லை. “இன்னும் கொஞ்சந்தானே, திருப்புடா,” என்கிறார்.  கீழே தண்ணீரோரம் தெவிதாவின் மனைவி மெரேயானி படகில் ஏறி நின்று, குடிதண்ணீர்க் கேன்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.